இரவில் தானே எரியும் விளக்கு: விற்கும் முன்பும் பொருத்தும் முன்பும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்துக் காலை. என் மின்பொருள் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கையில் சிறிய அட்டைப் பெட்டியுடன் வந்தார். தை மாதம் என்னிடம் அவர் வாங்கிச் சென்ற விளக்கு அது. ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும், சிறிது நேரத்தில் தானே அணையும். மண்டிக்கு மேல் மாடியில்தான் அவர் வீடு. வயதான தாயார் இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் அதைப் பொருத்தியிருந்தார்.

"தம்பி, மூணு மாசம் நல்லாத்தான் எரிஞ்சது. முந்தாநாள் ராத்திரி அம்மா எழுந்து போகும்போது எரியலை. படியில தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. விடியக்காலம் நான் நடந்து பாத்தா எரியுது" என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "பணம் கிடக்கட்டும். ஏன் எரியலைன்னு சொல்லு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகுதான் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டேன். விளக்கில் பழுது எதுவும் இல்லை. அது எதைக் கண்டு எரிகிறது என்பது தெரியாமல் நான் விற்றேன், தெரியாமல் அவர் பொருத்தினார். நம் உறுப்பினர்களில் இந்த விளக்கை விற்பவர்களும் உண்டு, வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. இருவருக்கும் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

வணிகர் வீடுகளுக்கு இது ஏன் தேவை?

ஷட்டரை இறக்கி, கணக்கை முடித்து, வசூல் பையுடன் நாம் வீடு சேரும்போது இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். வீட்டில் எல்லோரும் உறங்கியிருப்பார்கள். காய்கறி, பூ, மீன் வியாபாரம் செய்வோர் விடியுமுன் மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். பழைய கடைவீதிகளில் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டடங்களில் படிக்கட்டு குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். சுவிட்ச் ஒன்று மேலே இருக்கும், அல்லது கீழே இருக்கும். நமக்குத் தேவையான இடத்தில் இருக்காது.

வீட்டுப் பெரியவர்கள் நிலை இன்னும் கடினம். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார்கள். மற்றவர் தூக்கம் கெடுமே என்று விளக்கைப் போட மாட்டார்கள். நம் வீடுகளில் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராதிருக்க ஒரு சிறு மேடு இருக்கும். பலர் தடுக்கி விழுவது அதில்தான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பங்கு 60 வயதைக் கடந்தவர்கள்.

இருட்டுக்கு நம் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் பளிச்சென்ற ட்யூப் லைட்டைப் போட்டு அணைத்தால் அந்தப் பழக்கம் கலைந்து, முன்னைவிட அதிகமாகக் கண் இருட்டும். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளடிக்கிறது, உள்ளே புகும் வெளிச்சம் குறைகிறது. ஆகவே கண் கூசாத மங்கலான வெளிச்சம், தரையில் விழும்படி, கால் வைக்கும் முன்பே எரிய வேண்டும். இதுதான் இந்த விளக்கு செய்யவேண்டிய வேலை.

அது எதைக் காண்கிறது?

கடைகளில் அதிகம் விற்பது பி.ஐ.ஆர். எனப்படும் வகை. வெள்ளை நிறத்தில், சிறு கட்டங்கள் போட்ட பிளாஸ்டிக் குமிழ் ஒன்று அதன் முகப்பில் இருக்கும். இதில் காமிரா கிடையாது. இது கதிர் எதையும் வீசுவதும் இல்லை. மனித உடலிலிருந்து இயல்பாக வெளிப்படும் வெப்பக் கதிரை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே.

குமிழுக்குள் வெப்பத்தை உணரும் இரண்டு சிறு துண்டுகள் அருகருகே இருக்கும். குமிழின் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு லென்ஸ். கலங்கரை விளக்கத்துக்காக பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிரெனல் 1820களில் வடிவமைத்த லென்சின் சிறு வடிவம்தான் இது. இந்த லென்சுகள் எதிரே உள்ள இடத்தைப் பல பட்டைகளாகப் பிரிக்கின்றன. ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது வெப்பம் முதலில் ஒரு துண்டிலும் பிறகு மற்றதிலும் படுகிறது. இரண்டுக்கும் இடையே உண்டாகும் வித்தியாசத்தை வைத்துத்தான் விளக்கு எரிகிறது. இதிலிருந்து நான்கு செய்திகள் புரியும்.

முதலாவது, ஆள் அசையாமல் இருந்தால் விளக்கு அணைந்துவிடும். கழிப்பறைக்குள் இதை மட்டும் நம்பிப் பொருத்தினால், உட்கார்ந்திருப்பவர் நடுவில் இருட்டில் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது, குறுக்கே நடப்பவரை எளிதில் காணும். நேராகத் தன்னை நோக்கி வருபவர் நெடுநேரம் ஒரே பட்டையில் இருப்பதால் தாமதமாகக் காணும்.

மூன்றாவது, இந்த வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது. அழகுக்காகக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் விளக்கு எரியாது.

நான்காவதுதான் அண்ணாச்சி வீட்டு விஷயம்.

சித்திரை வெயிலில் வரும் தடுமாற்றம்

இந்த சென்சார் காண்பது வெப்பத்தை என்பதைவிட, சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை என்பதே சரி. நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 33, 34 டிகிரி. தை மாதத்து இரவில் சுவரும் தரையும் 24, 25 டிகிரியில் இருக்கும்போது, நடந்து வரும் ஆள் சென்சாருக்குத் தெளிவாகத் தெரிவார். சித்திரை, வைகாசியில் நாள் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளத்தின் அடியில், இரவு பத்து மணிக்கும் சுவர் 34 டிகிரியில் இருக்கும். அப்போது ஆளும் சுவரும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்து மீட்டர் தூரத்தில் கண்டது ஒரு மீட்டருக்குள் வந்தால்தான் காணும். சில சமயம் காணாமலே போகும். விடியற்காலையில் சுவர் சற்றுக் குளிர்ந்ததும் மறுபடி ஒழுங்காக எரியும்.

அண்ணாச்சி விளக்கை வழியின் கோடியில், குளியலறைக் கதவுக்கு மேலே, தாயார் நடந்து வரும் திசையை நோக்கி மாட்டியிருந்தார். நேர் எதிரே வருபவரைக் காண்பதில் அதற்கு இருக்கும் குறையும் மொட்டை மாடியின் சூடும் சேர்ந்துகொண்டன. விளைவு, வேண்டிய நேரத்தில் அது எரியவில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரக் கணக்கு மிதமான சூட்டில் சோதித்துப் போட்டது. நம் ஊர் கோடையில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம் என்று வைத்துக்கொண்டே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரேடார் வகை

மைக்ரோவேவ் அல்லது ரேடார் சென்சார் என்று இன்னொரு வகை உண்டு. இது தானே மெல்லிய அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையில் மாற்றம் தெரிந்தால் விளக்கை எரியவிடுகிறது. வெப்பத்தைச் சாராததால் கோடையிலும் குறையாது. நேராக வருபவரையும் நன்றாகக் காணும்.

ஆனால் இதன் அலை பிளைவுட், கண்ணாடி, மெல்லிய சுவர் ஆகியவற்றை ஊடுருவும். தெருவை ஒட்டிய அறையில் வைத்தால் வெளியே வண்டி போகும்போதெல்லாம் எரியலாம். சீலிங் பேன் சுற்றினாலும் எரியக்கூடும். ஆகையால் மின்விசிறி இல்லாத, கனமான சுவர் கொண்ட படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் இது பொருந்தும். படுக்கையறைக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. தகரக் கூரை போட்ட மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வழி ஆகியவற்றுக்கு, விசிறி இல்லையென்றால், நான் இப்போது இதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

எங்கே பொருத்துவது?

முதலில் இரவில் அந்தப் பெரியவரைக் கட்டிலிலிருந்து குளியலறை வரை நடக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே திரும்புகிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார், எங்கே மேடு பள்ளம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இடங்களை முடிவு செய்யலாம்.

கட்டில் அருகே: கட்டிலின் அடிச்சட்டத்தில், கால் தரையில் படும் பக்கம், பி.ஐ.ஆர். விளக்கைப் பொருத்தலாம். காலை இறக்கியதும் எரிய வேண்டும். படுத்திருப்பவர் புரண்டால் எரியாதபடி மெத்தை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்.

நடைபாதையில்: பக்கச் சுவரில், தரையிலிருந்து ஓர் அடி முதல் ஒன்றரை அடி உயரத்தில், ஆள் குறுக்கே கடந்து போகும்படி வையுங்கள். வழி நீளமாக இருந்தால் ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சிறிய விளக்குகள் நல்லது. ஒன்று தவறினாலும் மற்றது எரியும்.

படிக்கட்டில்: மேல் படிக்கு ஒன்று, கீழ்ப் படிக்கு ஒன்று. முதல் படியில் கால் வைக்கும் முன்பே எரிய வேண்டும். ஏற்கெனவே டூ-வே சுவிட்ச் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டாம்.

குளியலறை வாசலில்: அந்த மேட்டின் மேல் வெளிச்சம் விழும்படி வெளிப்பக்கம் வையுங்கள். உள்ளே சாதாரண விளக்கும் சுவிட்சுமே இருக்கட்டும். சுவிட்சின் மேல் இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்: ஏர் கண்டிஷனர் காற்று நேராக அடிக்கும் இடம், பிரிஜ்ஜின் பின்பக்கம், திரைச்சீலைக்கு எதிர்ப்புறம், மாலை வெயில் விழும் சுவர். குமிழின் மேல் பூச்சியோ பல்லியோ ஊர்ந்தாலும் விளக்கு எரியும். சிலந்தி கூடு கட்டினால் கண் மறையும். வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வாசல், பின்கட்டு போன்ற மழைச் சாரல் படும் இடங்களுக்கு ஐ.பி. 65 குறியீடு உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

வெளிச்சத்தின் நிறம் 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் உள்ளதாக இருக்கட்டும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் கடைக்கு எடுப்பாக இருக்கும். நடு இரவில் அது கண்ணைக் கூசச் செய்து, திரும்பப் படுத்தால் தூக்கம் வராமல் செய்யும்.

பாட்டரியா, பிளக்கா, வயரிங்கா?

பாட்டரி வகைக்கு எலக்ட்ரீஷியன் தேவையில்லை. மின்தடையிலும் எரியும். வாடகை வீட்டுக்கு ஏற்றது. ஆனால் கூடவே வரும் ஒட்டுப் பட்டை சுண்ணாம்புச் சுவரிலும் டிஸ்டெம்பர் சுவரிலும் பிடிக்காது. சில நாளில் விளக்கு கீழே விழும், அதுவே காலில் இடறும். ரால் பிளக் அடித்துத் திருகி மாட்டுவதே பாதுகாப்பு. பாட்டரி தீர்ந்துபோனதை நாம் கவனிப்பதும் இல்லை. ஆயுத பூஜைக்குக் கடையைத் துடைக்கும் நாள், பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நாள் என்று ஆண்டுக்கு இரு முறையாவது பாட்டரியை மாற்றும் வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து அதிகமுள்ள வழியில் அதற்கு முன்பே தீரும். உள்ளேயே சார்ஜ் ஆகும் வகையாக இருந்தால், மெத்தை, துணி மேல் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போட வேண்டாம்.

பிளக் வகையைச் சாக்கெட்டில் செருகினால் போதும். இதில் பார்க்க வேண்டியது பின். தட்டையான பின் உள்ள வெளிநாட்டு விளக்கை நம் சாக்கெட்டில் திணித்தால் தளர்ந்து நிற்கும், பொறி பறக்கும். நம் சாக்கெட்டுக்கு உரிய உருண்டைப் பின் உள்ளதை வாங்குங்கள். சாக்கெட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விளக்கு என்பது இதன் குறை. மின்தடையில் எரியாது என்பது இன்னொரு குறை. இன்வர்ட்டர் லைனில் உள்ள சாக்கெட்டாகத் தேர்ந்தெடுத்தால் அது தீரும்.

வயரிங் வகைதான் நிலையானது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சென்சார் எப்போதும் விழித்திருக்க அதற்கு பேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். நம் பழைய வீடுகளில் சுவிட்ச் பாக்ஸுக்கு பேஸ் வயரும் விளக்குக்குப் போகும் வயரும் மட்டுமே வரும். நியூட்ரல் விளக்குப் பக்கமே நின்றுவிடும். இதை அறியாமல் சென்சார் சுவிட்சை வாங்கிவிட்டு, நியூட்ரல் கிடைக்காமல் எர்த் வயரில் இணைத்துவிடும் வேலையாட்களும் உண்டு. இது மிக ஆபத்தானது. எர்த் வயர் எங்காவது அறுந்தால் அந்த லைனில் உள்ள பிரிஜ், வாஷிங் மெஷின் உடல்களில் மின்சாரம் பாயும். ஒருபோதும் இதை அனுமதிக்காதீர்கள்.

இரண்டே வயரில் வேலை செய்யும் சென்சார் சுவிட்சும் உண்டு. அது விளக்கின் வழியாகவே தனக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை எடுத்துக்கொள்வதால், எல்.இ.டி. பல்பு அணைந்த பிறகும் மினுக்கும் அல்லது மங்கலாக எரியும். இதற்கு எளிய வழி, விளக்குப் பக்கமே சென்சாரை வைப்பது. அங்கே இரண்டு வயரும் இருக்கின்றன. சென்சார் பொதிந்த பல்பு, அல்லது சென்சாருடன் கூடிய ஹோல்டர் வாங்கினால் பழைய வயரிங்கைத் தொட வேண்டியதே இல்லை. சென்சார் விளக்கின் சுவிட்சை எப்போதும் போட்டே வைத்திருக்க வேண்டும் என்று வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் யாராவது அணைத்துவிட்டால் அன்றிரவு விளக்கு இல்லை.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாத வீடானால், இந்த வேலையோடு அதையும் போட்டுக்கொள்வது நல்லது.

மூன்று திருகுகள்

வயரிங் வகை சென்சாரின் அடியில் பெரும்பாலும் மூன்று திருகுகள் இருக்கும். 'லக்ஸ்' எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும் என்பதற்கு. நிலாப் படம் போட்ட பக்கம் வைத்தால் இரவில் மட்டும் எரியும். 'டைம்' எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு. 'சென்ஸ்' எவ்வளவு தூரம் காண வேண்டும் என்பதற்கு. வாங்கி வரும்போது டைம் மிகக் குறைவாக, பத்து வினாடிக்கு, வைக்கப்பட்டிருக்கும். பெரியவர் நடக்கும் வழிக்கு அது போதாது. அவர் எழுந்து போய் வரும் நேரத்தைக் கணக்கிட்டு இரண்டு மூன்று நிமிடமாவது வையுங்கள்.

மின்சாரம் போய் வந்ததும் சென்சார் அரை நிமிடம், ஒரு நிமிடம் தன்னிலைக்கு வரும் வரை எரிந்துகொண்டே இருக்கலாம். இது பழுது அன்று.

கரண்ட் மிச்சமாகுமா?

விற்பனையில் இதைத்தான் முதலில் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 'ஜீரோ வாட்' என்று நாம் விற்ற பழைய குண்டு பல்பு உண்மையில் 15 வாட் வரை இழுத்தது. இரவு 10 மணி நேரம் வீதம் ஆண்டுக்குச் சுமார் 55 யூனிட். அதே நேரம் எரியும் அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்குக்கு 2 யூனிட்டுக்கும் குறைவே. ஆகவே படுக்கையறையில் எல்.இ.டி.க்கு மாறியதிலேயே மிச்சம் வந்துவிட்டது; சென்சாரால் மேலும் வரும் மிச்சம் ஒன்றுமில்லை.

படிக்கட்டில் இரவெல்லாம் எரியும் 9 வாட் பல்பானால் நிலைமை வேறு. ஆண்டுக்கு 33 யூனிட் ஆகும். சென்சார் வைத்து இரவில் மொத்தம் ஒரு மணி நேரம் எரிந்தால், சென்சார் தன் பங்குக்கு எப்போதும் அரை வாட் எடுத்துக்கொண்டாலும், சுமார் 8 யூனிட்டில் முடியும். அங்கே லாபம் உண்டு. மற்ற இடங்களில் இது விழாமல் இருக்க வாங்கும் பொருள் என்று நேராகச் சொல்லி விற்பதே முறை.

விற்போர் கவனத்திற்கு

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, பொருளால் கேடு நேர்ந்தால் விற்றவரும் பொறுப்பாகும் சில நிலைமைகளைச் சொல்கிறது. தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் சரியான உபயோகக் குறிப்பையும் வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனாலேயே கேடு நேர்வது அவற்றில் ஒன்று. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்பதும் அப்படியே. எனவே குறிப்புச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்ய வேண்டிய தொடர்பு ஆகியவை பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்து மொத்த வியாபாரியிடம் எடுங்கள். எல்.இ.டி. பல்பானால் ஐ.எஸ். 16102 குறியீடும் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். யாருக்காக? எந்த இடத்துக்கு? மேலே மொட்டை மாடியா, விசிறி உண்டா? சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் இருக்கிறதா? இரண்டு நிமிடம் ஆகும். பொருள் திரும்பி வருவது பெரும்பாலும் நின்றுவிடும்.

பொருத்திய பிறகு மூன்று இரவுகள் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில், இரவு பத்து மணிக்கு மேல், விசிறி நின்ற நிலையில் ஒரு முறையும் விசிறி ஓடும்போது ஒரு முறையும் நடந்து பார்க்க வேண்டும். அன்று எரிந்தால் ஆண்டு முழுவதும் எரியும்.

அண்ணாச்சி வீட்டில் குளியலறைக் கதவுக்கு மேலிருந்த விளக்கைக் கழற்றி, கட்டிலின் அடிச்சட்டத்தில் மாட்டினோம். நடைபாதையின் பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கும் கீழே புதிதாக ஒன்று, வாசல் மேட்டுக்கு ரேடார் வகையில் ஒன்று. அந்த மேட்டின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடும் போட்டோம். அம்மாவின் கை கூடி வர நாளாயிற்று. அதற்குப் பிறகு வந்த கோடையில் அண்ணாச்சி கடைக்கு வந்தபோது நானே கேட்டேன். "எரியுது தம்பி, நான்தான் தினமும் ராத்திரி ஒரு தடவை நடந்து பாத்துட்டுப் படுக்கிறேன்" என்றார்.